பாம்புத் தோல் ஒட்டித் தர்றோம்னு சொல்லி 18,000 போச்சு, உஷாரா இருங்க

கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா "போனாப் போகுது"ன்னு விட்டுடுவேன், அவங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மரத்துல கையால செய்யற பொருள்கள்தான் என் தொழில். பாம்புத் தோல் சுத்தின கைத்தடி ஒண்ணும், அதே தோல் மூடியில பதிச்ச நகைப்பெட்டி ஒண்ணும் வேணும்னு ஒருத்தர் ஆர்டர் கொடுத்திருந்தார். ரெண்டுமே தேக்கு. இழைச்சு, கடைஞ்சு, உப்புத்தாள் போட்டு முடிச்சு வெச்சிருந்தேன். தோல் வேலைக்கு மட்டும் ஆன்லைன்ல ஒரு பட்டறையைப் பிடிச்சேன். "உங்க மரப்பொருளை அனுப்புங்க, பண்ணையில வளர்த்த அசல் மலைப்பாம்புத் தோல் ஒட்டித் தர்றோம், பேப்பர் எல்லாம் பக்கா"ன்னு விளம்பரம் போடறவங்க. பேர் போடல. போட்டா கேஸ் போடுவோம்னு ஏற்கனவே மிரட்டியாச்சு.

நான் நம்பின இடம் அந்த வீடியோ கால். ஒரு தம்பி பேசினான். கையில நீளமா ஒரு தோல். அதைப் பின்பக்கமா மடிச்சுக் காட்டினான், செதில் ஒவ்வொண்ணும் ஓரம் தூக்கி நின்னுச்சு. "பாருங்கக்கா, பிரிண்ட்ல இப்படி நிக்குமா?"ன்னு கேட்டான். நிக்காதுதான். தலைப்பக்கத்துலேர்ந்து வாலுக்குத் தடவினா வழுக்கும், எதிர்த்துத் தடவினா நகத்துல மாட்டும்னான். அதுவும் சரி. ஜப்பான்ல ஒக்கினாவாவுல சான்ஷின்னு ஒரு வாத்தியம், அதுக்கு மலைப்பாம்புத் தோல்தான் போர்த்தறாங்க. சீனாவுல எர்ஹு வாத்தியத்துக்கும் அதேதான். மர வில்லோட முதுகுல பாம்புத் தோல் ஒட்டற வழக்கம் இருக்குன்னு வரிசையா சொன்னான். பதப்படுத்தாத காஞ்ச தோலைத் தண்ணியில ஊறவெச்சு, உள்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வைச் சுரண்டி, மரப்பசை தடவி, துணிப்பட்டை சுத்தி, நல்லா காஞ்சப்புறம்தான் பிரிக்கணும்னு செய்முறையும் சொன்னான். இதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல. அதுதான் இப்ப வயிறு எரியுது. தொழில் தெரிஞ்சவன் ஏமாத்தறப்ப கண்டுபிடிக்க வழியே இல்ல.

முழுப்பணமும் முன்கூட்டியே கேட்டாங்க. தோல் வெட்டிட்டா திருப்பி வைக்க முடியாதுங்கிறது அவங்க நியாயம். 18,000 அனுப்பினேன். அழியற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்தான் சைட்டிஸ். அந்த அனுமதிச் சீட்டைக் கேட்டதுக்கு, "ஒரிஜினல் பார்சலோட வரும்க்கா".

பார்சல் வந்தது. பார்க்க பளபளன்னுதான் இருந்தது, வார்னிஷ் அவ்வளவு தடிமன். சில வாரத்துல பெட்டி மூடியோட மூலையில கொப்புளம் மாதிரி எழும்புச்சு. விரல் வெச்சு அமுக்கினா உள்ள காத்து. தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, ஒட்டறதுக்கு முன்னாடி அசிட்டோன் மாதிரி எதையாவது போட்டுத் துடைக்கணும், இல்லேன்னா பசை சரியா பிடிக்காது. துடைச்ச மாதிரி தெரியல. அந்த மூலையை மெல்ல உரிச்சுப் பார்த்தேன். அடியில வெள்ளை நூல்துணி! தோலுக்கு ஏதுங்க நூல்துணி? கைத்தடியை வெளிச்சத்துல உருட்டினா, ஓரம் கிழிஞ்ச மாதிரி இருக்கிற அதே கறுப்புப் புள்ளி ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் வருது, அச்சு அசலா. உரிச்ச துண்டுல சூடான ஊசியை வெச்சேன். பிளாஸ்டிக் உருகற நாத்தம். நிஜத்தோலா இருந்தா முடி கருகற வாசனை வரணும்.

18,000 கொடுத்து வாங்கினது ரெக்சின்.

அந்தச் சீட்டு? பார்சல்ல வந்தது ஒரு ஜெராக்ஸ். அதுல எழுதியிருந்தது சாரைப்பாம்போட அறிவியல் பேரு. இவங்க சொன்னது மலைப்பாம்பு. தேதியும் பழசு, ஏற்றுமதி அனுமதி 6 மாசத்துக்கு மேல செல்லாது. 1975-லேர்ந்து நடைமுறையில இருக்கிற ஒப்பந்தத்தோட பேரை இப்படி ஒரு ஜெராக்ஸ்ல போட்டு வியாபாரம் பண்றாங்க.

போன் பண்ணேன். முதல் பதில், "ஈரப்பதம்க்கா, நீங்க எங்க வெச்சிருந்தீங்க?" புள்ளி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருதேன்னா, "அது நேச்சுரல் பேட்டர்ன்". பாம்பு உடம்புல எந்த ஊர்லங்க அளவெடுத்த மாதிரி ஒரே புள்ளி வரும்? நூல்துணி? "பலத்துக்காக நாங்களே ஒட்டற லைனிங்." அப்படின்னா மேல இருக்கிற தோலைப் பிரிச்சுக் காட்டுன்னேன். அதோட 'அக்கா' போயி 'மேடம்' ஆயிட்டேன். ஓனர் வெளியூர், டீம்கிட்ட பேசறோம், டிக்கெட் போட்டிருக்கோம். பொருளைத் திருப்பி அனுப்புங்கன்னாங்க, கூரியர் செலவு என்னுதாம், பணம் திரும்ப வருமான்னு கேட்டா "பார்த்துட்டு சொல்றோம்". கையில இருக்கிற ஒரே ஆதாரத்தையும் வாங்கி வெச்சுக்கவா? அவங்க பக்கத்துல நான் போட்ட விமர்சனத்தைத் தூக்கிட்டாங்க. இப்ப நம்பரே பிளாக்.

18,000 ஒரு பக்கம். மூடியில இருக்கிற ரெக்சினைச் சுரண்டினா அடியில மரமும் பிஞ்சுகிட்டு வருது. கைத்தடியை மறுபடி கடைஞ்சா கனம் குறைஞ்சிடும். ஆர்டர் கொடுத்தவருக்கு இன்னும் பதில் சொல்லல.

எப்படி ஜாக்கிரதையா இருக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. அவசரமா சிலது:

வீடியோவுல காட்டற தோல் வேற, ஒட்டற தோல் வேற. ஒட்டறதுக்கு முன்னாடி அதே தோல்ல ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்லுங்க, மடிச்சும் ஊசி வெச்சும் பாருங்க.

சீட்டுல இருக்கிற பாம்புப் பேரும், சொல்ற பாம்புப் பேரும் ஒண்ணான்னு பணம் போடறதுக்கு முன்னாடியே பாருங்க. பல நாட்டுல பேப்பர் இல்லாத தோலைக் கையில வெச்சிருந்தாலே வாங்கினவங்க மேலயும் கேஸ் வரும்.

பாம்பு உரிச்ச சட்டையைத் தோல்னு யாராவது சொன்னா போனை வெச்சிடுங்க. அது வெறும் மேல்படலம், நிறமே பெருசா இருக்காது.

முழுப்பணம் முன்னாடியே கொடுக்காதீங்க.

பேங்க்ல புகார் கொடுத்திருக்கேன். ஸ்கிரீன்ஷாட், உரிச்ச துண்டு, ஜெராக்ஸ் எல்லாம் பத்திரமா இருக்கு. இதே மாதிரி "பேப்பர் பக்கா"ன்னு சொல்றவங்ககிட்ட மாட்டினவங்க யாராவது இருந்தா உள்பெட்டியில வாங்க, சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.