காங்கிரஸ் நூலகத்தின் பழைய பேஸ்பால் தொகுப்பு: அட்டை, கண்ணாடி நெகட்டிவ், நாளிதழ்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் இணையதளத்தில் பழைய பேஸ்பால் அட்டைகள், கண்ணாடி நெகட்டிவ் படங்கள், நாளிதழ்கள் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். நூறு வருஷத்துக்கு முந்தைய பேஸ்பாலைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும்.

நான் அச்சுத் தொழிலில் இருப்பவன், சிவகாசிக்காரன். அதனால் முதலில் அட்டைகளுக்குத்தான் போனேன். பெஞ்சமின் எட்வர்ட்ஸ் என்பவர் சேர்த்து வைத்த 2,100 அட்டைகள், 1887-லிருந்து 1914 வரை வெளிவந்தவை. பெரும்பாலும் சிகரெட் பாக்கெட்டுக்குள் போட்டுக் கொடுத்தவை. 1909-க்கும் 1911-க்கும் இடையில் வந்த வெள்ளை ஓர அட்டைகள் ஒன்றரை அங்குல அகலம்கூட இல்லை. எங்கள் ஊர் பழைய தீப்பெட்டி லேபிளைப் போல, அந்தச் சின்ன இடத்துக்குள் லித்தோவில் அத்தனை வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். கன்னத்தின் சிவப்பு பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரியும். சிலவற்றில் ரிஜிஸ்டர் (ஒரு வண்ணத்தின்மேல் இன்னொன்று பொருந்தி உட்காருவது) ஒரு இழை விலகி, உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் அவ்வளவு சுத்தம்.

1911-இல் வந்த மெக்கா சிகரெட் அட்டையை அவசியம் பாருங்கள். மடித்தால் ஒரு ஆட்டக்காரர், விரித்தால் இன்னொருவர். இரண்டு பேருக்கும் கால் மட்டும் ஒன்றே! அந்தக் கால் இரண்டு உடம்புக்கும் பொருந்தி நிற்க எவ்வளவு கவனமாக வரைந்திருக்க வேண்டும்! அடுத்த வருஷம் வந்த ஹசன் அட்டை மூன்று மடிப்பு. நடுவில் ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், இரண்டு பக்கமும் வண்ண உருவங்கள். டை காப் என்ற ஆட்டக்காரர் மூன்றாவது பேஸை (ஓடித் தொட வேண்டிய மூலைத் தளத்தை) திருடும், அதாவது பந்தை யாரும் அடிக்காமலேயே ஓடிப் பிடிக்கும் படம் இந்த வரிசையில் வந்ததுதான்.

பெயின் செய்தி நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள் வேறு உலகம். நெகட்டிவிலேயே கையால் எழுதிய பெயர் படத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும். அப்போது சட்டையில் எண் கிடையாது, அதனால் யார் எவர் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. 2008-இல் இந்தப் படங்களை நூலகம் ஃப்ளிக்கர் தளத்தில் போட்டது. ரசிகர்கள் காலர், தொப்பி, பின்னால் தெரியும் விளம்பரப் பலகை எல்லாவற்றையும் வைத்து ஆளையும் மைதானத்தையும் அடையாளம் சொன்னார்கள். நூலகமும் அவற்றைச் சரிபார்த்துத் தன் குறிப்புகளைத் திருத்தியது. இந்தப் பணிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்துப் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் மேத்யூசன், வால்டர் ஜான்சன், எவர்ஸ் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். கையுறைகளைக் கவனியுங்கள்: உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

சரி, இனி நாளிதழ்கள். இந்தத் தளத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1908 செப்டம்பர் 24-ஆம் தேதியிட்ட நியூயார்க் ட்ரிப்யூன், சன் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். முந்தைய நாள் போலோ கிரவுண்ட்ஸில் நியூயார்க் ஜெயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் மோதின. ஒன்பதாவது, அதாவது வழக்கமான கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் 1-1, இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆள் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும். மூன்றாவது பேஸில் ஜெயன்ட்ஸின் மெக்கார்மிக், முதல் பேஸில் 19 வயது ஃப்ரெட் மெர்க்கிள். வழக்கமாக ஆடும் டென்னிக்கு முதுகுவலி என்பதால் அன்று இறக்கப்பட்ட பையன். பிரிட்வெல் ஒரு ஹிட் அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்து ரன் எடுத்தார், ஜெயித்தாயிற்று என்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமலே திரும்பி உடைமாற்றும் அறைப் பக்கம் ஓடிவிட்டார். விதிப்படி அவர் அதைத் தொட்டே ஆக வேண்டும்; அதற்குமுன் எதிரணி பந்தோடு அங்கே தொட்டால் அவர் அவுட். கப்ஸின் எவர்ஸ் அதைக் கவனித்துப் பந்தைக் கேட்டு வாங்கி இரண்டாவது பேஸைத் தொட்டார். அம்பயர் ஹாங்க் ஓ'டே அவுட் கொடுத்தார், அது மூன்றாவது அவுட் என்பதால் ரன் செல்லாது. ஆட்டம் டிரா. அக்டோபர் 8-இல் திரும்ப ஆடி கப்ஸ் 4-2 என்று ஜெயித்து, லீக் பட்டத்தையும் பிறகு உலகத் தொடரையும் (வேர்ல்ட் சீரிஸ்) எடுத்துக்கொண்டது.

அந்தப் பையனைக் காலம் முழுக்க முட்டாள் என்று திட்டினார்கள். அது அநியாயம். கூட்டம் பாயும்போது அப்படி ஓடிவிடுவது அன்றைக்கு எல்லோரும் செய்ததுதான். அதே மாதம் 4-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் இதே எவர்ஸ் இதே அம்பயரிடம் இதே மாதிரி முறையிட்டார், அப்போது எடுபடவில்லை. ஜெயன்ட்ஸ் மேலாளர் மெக்ரா மெர்க்கிளைக் கைவிடவில்லை, அவரும் 1926 வரை பெரிய லீக்கில் ஆடினார். செய்தியைப் படித்துவிட்டு பெயின் தொகுப்பில் அவர் முகத்தைப் பாருங்கள், திட்ட மனசு வராது.

அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதியையும் விட்டுவிடாதீர்கள். கிளீவ்லாந்தின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆடி ஜாஸ், வந்த 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். எதிரணி பிட்சர் எட் வால்ஷ் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தும் (பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றியும்) 1-0 என்று தோற்றார். ஜாஸ் 31 வயதில், 1911-இல் காலமானார். அவருடைய அட்டைகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.

குறைகளும் இருக்கின்றன. நாளிதழ்களில் பெயர் போட்டுத் தேடினால் பல சமயம் அகப்படாது. ஸ்கோர் பெட்டியின் பொடி எழுத்தைக் கணினி தப்புத் தப்பாகப் படித்து வைத்திருக்கிறது. தேதியை வைத்துப் போவதே நல்லது: ஆட்டம் நடந்த நாளின் மாலைப் பதிப்பு, அப்புறம் மறுநாள் காலைப் பதிப்பு. கைப்பேசியில் முயல வேண்டாம், பெரிய திரை வேண்டும். படத்தை இறக்கும்போது டிஃப் (TIFF) என்ற பெரிய கோப்பையே எடுங்கள், சின்னக் கோப்பில் புள்ளிகள் கலங்கிவிடும்.

இன்னொன்று மனதை உறுத்துவது. ரூப் ஃபாஸ்டர், ஜான் ஹென்றி லாயிட் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக்குகள் சேர்க்கவில்லை, அமெரிக்க சிகரெட் கம்பெனிகளும் அவர்களுக்கு அட்டை போடவில்லை. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர் ஃபாஸ்டர். அவர்களைத் தேட, சிகாகோவின் பிராட் ஆக்ஸ் போலக் கறுப்பின மக்கள் நடத்திய வார இதழ்களுக்குத்தான் போக வேண்டும். அவையும் இதே தளத்தில் இருக்கின்றன, ஆனால் பேஸ்பால் பக்கத்திலிருந்து அங்கே போக வழி காட்டவில்லை. நூலகம் இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரே ஒரு போட்டியோடு தொடங்கிப் பார்க்க நினைத்தால் 1917 மே 2, சிகாகோ. சின்சினாட்டியின் ஃப்ரெட் டோனி, கப்ஸின் ஹிப்போ வான், இரண்டு பிட்சர்களும் ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க ஒரு ஹிட்கூட (பேஸுக்குக் கொண்டுசேர்க்கும் அடி) கொடுக்கவில்லை. பத்தாவதில் சின்சினாட்டியின் கோப் ஒரு ஹிட் அடித்துப் பேஸுக்குப் போனார். அவரை ஓட வைத்து வெற்றி ரன்னைக் கொண்டுவந்தது ஜிம் தார்ப் தட்டிய மெதுவான பந்து. ஆமாம், 1912 ஒலிம்பிக்கில் ஜெயித்த அதே தார்ப்தான். மே 3 நாளிதழைத் திறந்துவிட்டு, பெயின் தொகுப்பில் அவர் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.