றப்பர் சில்லா, பெல்ட்டா? பழைய றெக்கோட் பிளேயரைத் திருத்தும் முன்

எங்கள் வீட்டில் இரண்டு வகையும் கிடந்தன. ஒன்று பெரியப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த, கராட் கம்பெனியின் எஸ்பி 25. அதில் மோட்டாரின் அச்சு ஒரு றப்பர் சில்லைச் சுழற்றும். சில்லு தட்டின் உள்விளிம்பை அழுத்தி அதைச் சுழற்றும். மற்றையது டீசி மோட்டாரும் பெல்ட்டும் கொண்ட பிந்திய காலத்துப் பெட்டி. இரண்டிலும் வேகம் தளர்ந்து, சுவிச்சும் பழுதாகியிருந்தது. நான் கராட்டைத்தான் திருத்தினேன்.

ஒலியில் பெல்ட் வகையே மேல். மோட்டாரின் அதிர்வைப் பெல்ட் வாங்கிக்கொள்ளும். சில்லு அதைத் தட்டுக்குக் கடத்துவதால் மெல்லிய உறுமல் கேட்கும்.

என் முடிவுக்குக் காரணம் உதிரிப்பாகம். எங்கள் வெக்கையில் பழைய பெல்ட் இளகிக் கறுத்த பிசினாகிக் கப்பியில் ஒட்டிவிடுகிறது. பிசினைத் துடைக்கலாம், ஆனால் அதே சுற்றளவில் புதிய பெல்ட் வேண்டும். சற்று நீண்டால் வழுக்கும், குறுகினால் மோட்டாரின் புஷ்ஷை, அதாவது அச்சைத் தாங்கும் உலோக வளையத்தை, தேய்க்கும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டும். அது தளர்ந்ததும் மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

சில்லுக்கு அந்தத் தவிப்பில்லை. வேகம் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: புஷ்ஷில் எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது சில்லின் விளிம்பு வழுவழுப்பாகியிருக்கும். பழைய எண்ணெயைக் கழுவிவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். விளிம்பை நைஸான எமரித் தாளால் சீராகத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்தால் பிடிப்பு திரும்பிவிடும். றப்பர் வெடித்திருந்தால் லேத் பட்டறையில் புதிய வளையம் ஏற்றிக் கடையலாம் என்கிறார்கள். எனக்கு அதற்குத் தேவை வரவில்லை. வேகத்தைச் சரிபார்க்கத் தட்டின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி எண்ணுங்கள். 3 நிமிடத்தில் 100 சுற்று வந்தால் அதுதான் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற சரியான வேகம்.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. பாட்டின் நடுவில் கரண்ட் போனால் உடனே பிடியை நிறுத்தும் நிலைக்குத் திருப்புங்கள். 2022இல் இலங்கையில் இருந்ததுபோல மணிக்கணக்கான மின்வெட்டில் சில்லு அச்சோடு அழுந்தியே கிடந்தால் றப்பரில் பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 'தொப், தொப்' என்று கேட்கும்.

சுவிச் கோளாறிலும் கராட் வகையே இலகு. அதன் சுவிச் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யக்கூடிய உலோகத் தொடுமுனைகள்தான். நிறுத்தினாலும் மோட்டார் நிற்காவிட்டால், சுவிச்சுக்குக் குறுக்கே இருக்கும் சிறிய கண்டென்சரைச் சந்தேகியுங்கள். அது உள்ளே ஒட்டிப்போனால் மின்சாரம் சுவிச்சைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மாற்றும்போது எக்ஸ்2 என்று குறித்த, 275 வோல்ட் ஏசி வகையையே போடுங்கள். பிளக்கைக் கழற்றாமல் எதிலும் கைவைக்க வேண்டாம். பெல்ட் பெட்டியிலோ சுவிச்சோடு வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றும் சேர்ந்திருக்கிறது. அந்த மின்சுற்றின் ஐசி (சிப்) போனால் என் கைக்கு எட்டாத வேலை.

கனடாவிலிருந்து வந்த பெட்டியென்றால் கதை மாறும். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 60 அலைவு), இங்கே 50. சில்லு வகை மோட்டாரின் வேகம் இந்த ஹேர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்போமர் வோல்ட்டேஜைத்தான் இறக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. அதனால் சில்லு வகை மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடி, 33⅓ சுற்று 28க்கும் கீழே இறங்கிவிடும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஏறாது. அச்சிலுள்ள கப்பியை 50 ஹேர்ட்ஸுக்குரிய பருமனுக்கு மாற்ற வேண்டும். டீசி மோட்டார் கொண்ட பெல்ட் பெட்டிக்கு இந்தச் சிக்கலே இல்லை. டொரொன்டோவிலிருந்து யாராவது கொண்டுவர ஆயத்தமென்றால், அந்த வகையையே இரண்டு மேலதிக பெல்ட்டுகளுடன் கேட்பேன்.