ஐப்பசியில் ‘புது மல்லி’ விற்க வந்தால் வாங்காதீர்கள்

தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போது 50 கிலோ கொத்தமல்லி வாங்கி ஏமாந்துவிட்டேன். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் என்னைப் போல வீட்டிலேயே கறித்தூள் செய்து விற்கிற அக்கா தங்கச்சிமார் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதே லொறி உங்கள் தோட்டத்துக்கும் வரலாம். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஐந்து வருடமாக மாமியும் நானும் தூள் செய்கிறோம். மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தாச்சியில் தனித்தனியாக வறுத்து, டவுன் மில்லில் அரைத்து, 100 கிராம், 250 கிராம் பக்கெட்டாகக் கட்டுவோம். முழு மல்லியும் சின்னப் பக்கெட்டில் விற்போம். இந்தக் குளிருக்குத் தடிமன் வராத வீடு ஏது? இஞ்சி தட்டிப் போட்டு மல்லித் தண்ணி கொதிக்காத லயமும் இல்லை. எங்கள் தோட்டத்திலும் பக்கத்து இரண்டு டிவிசனிலும் கடனுக்கு வாங்கிச் சம்பள நாளில் காசு தருவார்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற கிழமைதான் எங்களுக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம்.

வழக்கமாக டவுனில் ஒரே கடையில் பத்துப் பத்துக் கிலோவாக வாங்குவேன். இந்த முறை ஒரு சின்ன லொறி தோட்டத்துக்கே வந்தது. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஓட்டி வந்தவர் நல்லாப் பேசினார். “தங்கச்சி, இது இந்த வருசத்துப் புது மல்லி. போன கிழமைதான் கப்பல்ல இறங்குனது. பச்சையைப் பாருங்க” என்று ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து என் கையில் ஒரு பிடி போட்டார். நல்ல பெரிய மல்லி, இளம்பச்சை நிறம், கசக்கினால் வாசம். டவுன் விலையைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் குறைவு. 50 கிலோவுக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. சீட்டு எடுத்த காசு வீட்டில் இருந்தது. 25 கிலோ மூட்டை இரண்டை இறக்கச் சொன்னேன். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் துண்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அதில் கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது.

முதல் நாள் மேலே இருந்ததை அள்ளி வறுத்தோம், குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கை மூட்டையின் நடுவுக்குப் போனது. தாச்சி சூடேறினதும் தீக்குச்சி உரசினால் வருமே, அந்த மணம் வந்தது. கண்ணும் மூக்கும் எரிந்தது. மாமிக்கு முட்டு, அதுதான் மூச்சிழுப்பு, உண்டு. அவர் இருமிக்கொண்டே வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தாச்சியைக் குறை சொன்னேன், விறகைக் குறை சொன்னேன், மல்லியைச் சந்தேகப்படவில்லை. அரைத்துக் கட்டி 11 வீட்டுக்குக் கொடுத்தும் விட்டேன். மறுநாள் பீலிக்கரையில் ஓர் அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார். “என்னடி, இந்த முறைத் தூள்ல கறி வச்சா மண் வாசந்தான் வருது?” ஐந்து வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மிச்சத்தை அப்படியே டவுன் மில்லுக்குத் தூக்கிப் போனேன். மில்கார அண்ணன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் 20 வருடம் சரக்குக் கடையில் நின்றவர். மூட்டையை முதலில் தராசில் வைத்தார். எடுத்த மல்லிக்குக் கணக்குப் பார்த்தும் இரண்டு மூட்டையிலும் சேர்த்து 1 கிலோ 600 கிராம் குறைந்தது. பிறகு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மேலே ஒரு சாண் மட்டும்தான் நான் கையில் வாங்கிப் பார்த்த மல்லி. கீழே இருந்தது வெளிறிப்போன பழைய மல்லி, பாதி பிளந்த பருப்பு, வண்டு துளைத்தது, காம்பு, தூசி. அடியில் இருந்தது ஈரம், ஓரத்தில் பூஞ்சணம். அவர் சொன்னபடி அடிமூட்டையில் ஒரு கிலோ நிறுத்து எடுத்து வந்து இரண்டு நாள் அடுப்புப் பக்கத்தில் உலர்த்தினேன். 930 கிராம்தான் நின்றது. 70 கிராம் தண்ணீருக்கு மல்லி விலை கொடுத்திருக்கிறேன். மல்லியில் 9, 10 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வைக்க முடியாது, பூஞ்சணம் பிடிக்கும் என்றார். நமது மழைக்கும் பனிக்கும் அது இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அரிதட்டில் போட்டுச் சலித்துச் சுளகில் புடைத்துப் பார்த்ததில் 50 கிலோவில் நல்ல மல்லி 12 கிலோகூடத் தேறவில்லை.

“புது மல்லின்னு சொன்னாரா? இந்த மாசத்துலயா?” என்று அண்ணன் கேட்டார். அங்கேதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு வருடம் மல்லியோடு கிடந்தும், அது எப்போது விளைகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

நாம் கறிக்குப் போடுகிற மல்லி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. பெரிய மல்லி இந்தியாவில் இருந்து வரும். அங்கே ராஜஸ்தானில் கோட்டா, ராம்கஞ்ச் மண்டிப் பக்கம், மத்தியப் பிரதேசத்தில் குணா, குஜராத்தில் கோண்டல், இவைதான் பேர்போன சந்தைகள். அந்த மல்லியை ஒக்டோபர், நவம்பரில் விதைத்து, பெப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். மார்ச், ஏப்ரலில்தான் சந்தையில் புதுச் சரக்கு குவியும். அப்படியென்றால் ஐப்பசியில் அங்கே விதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதம் நம் கைக்கு வருவது எப்படிப் பார்த்தாலும் ஏழு, எட்டு மாதம் மூட்டையில் கிடந்த மல்லி. ஒழுங்காக உலர்த்தி வைத்திருந்தால் அதில் தப்பில்லை, நான் வழக்கமாக வாங்கும் கடையிலும் அதுதான் இருக்கும். அதைப் புதுசு என்று சொல்லும்போதே அவர் பொய் சொல்கிறார் என்று நான் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு மல்லியும் இருக்கிறது. ரஷ்யா, உக்ரைன், பல்கேரியா பக்கத்தில் விளைவது. உருண்டையாக, சின்னதாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். அங்கே ஜூலை, ஓகஸ்டில் அறுவடை. அதனால் சின்ன மல்லியை ஐப்பசியில் ஒருவர் புதுசு என்று சொன்னால் உண்மையாகவும் இருக்கலாம். வாசத்தைக் கொடுக்கும் எண்ணெயும் அதில்தான் கூட. சின்னதில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேலும் எண்ணெய் வரும், பெரிய இந்திய மல்லியில் அரைக் கிராமும் தேறாது. எனக்கு இது தெரியாது. சின்னதாக, பழுப்பாக இருந்தால் மட்டம் என்று நினைத்து இத்தனை வருடம் ஒதுக்கி வந்திருக்கிறேன்.

பச்சைக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றும் மில்கார அண்ணனிடம் கேட்டேன். இந்தியச் சந்தையில் மல்லியை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ‘பாதாமி’ பழுப்பு, விலை குறைந்தது. ‘ஈகிள்’, ‘ஸ்கூட்டர்’, ‘பாரட்’ என்று பச்சை ஏற ஏற விலையும் ஏறும். கிளிப்பச்சையில் இருப்பதால்தான் அதற்குப் பாரட் என்று பெயர். கொஞ்சம் முன்கூட்டியே அறுத்து நிழலில் உலர்த்தினால் அந்தப் பச்சை தானாக நிற்கும். அதற்கு ஆளும் வேண்டும், நாளும் வேண்டும். பழைய பழுப்பு மல்லியைக் கந்தகப் புகையில் வைத்தால் ஒரு ராத்திரியில் வெளிறிப் பளிச்சென்று ஆகிவிடும். என் தாச்சியில் வந்த தீக்குச்சி மணம் அந்தக் கந்தகம்தான். முட்டு உள்ளவர்களுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. தடிமன் வந்த பிள்ளைக்குக் கொதிக்க வைத்துக் கொடுக்கிற பொருளில் இதைச் செய்கிறார்களே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காசு போனதைவிட இது பெரிது.

பிளந்த மல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மல்லி என்பது இரண்டு பாதி ஒட்டி மூடியிருப்பது. வாசம் அதற்குள்ளேதான் அடைந்து கிடக்கும். பிளந்துவிட்டால் காற்றுப் பட்டுப் பட்டுப் போய்விடும். அதனால்தான் சந்தையிலும் பிளந்ததற்கு விலை குறைவு. மூட்டையில் கலந்து விட்டால் நிறை ஏறும், வாசம் ஏறாது.

இப்போது நான் எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். வியாபாரி கையில் போடுகிற பிடியை நான் பார்ப்பதே இல்லை. சாக்கைக் குத்தி எடுக்கிற கூர்க்குழாய் ஒன்றை மில்கார அண்ணன் கொடுத்தார். அதால் நடுவிலும் அடியிலும் குத்தி எடுப்பேன். குத்த விடாதவரிடம் வாங்குவதில்லை. எடுத்ததை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நசுக்குவேன். உலர்ந்த மல்லி சட்டென்று இரண்டாக உடையும். ஈரம் இருந்தால் நசுங்கும். பிறகு ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் மல்லியும் சுடுதண்ணியும் விட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து மணப்பேன். நல்ல மல்லி என்றால் இனிப்பாகத் தோடம்பழத் தோல் போல ஒரு வாசம் எழும்பும். கந்தகம் என்றால் மூக்கில் குத்தும். நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். பிறகு என் கண் முன்னால் தராசு. மூட்டையில் அச்சடித்த நிறையை நம்பி நான் இனிக் காசு கொடுக்க மாட்டேன்.

அந்த லொறிக்காரருக்கு நான்கு தடவை எடுத்தேன். முதல் தடவை மட்டும் பேசினார். “மல்லின்னா மல்லிதான் தங்கச்சி. வறுக்கத் தெரியாமக் கருக்கிட்டு என்னைக் குறை சொல்றீங்க” என்றார். என் மாமி 40 வருடம் மல்லி வறுத்த கை. அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. இதில் என் பிழை பில்லை விட்டதுதான். கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. அதிகாரசபைக்கு முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கம் இருக்கிறது. வெள்ளைத் துண்டை வைத்துக்கொண்டு யார்மேல் முறைப்பாடு சொல்வது? கடைப் பெயரும் திகதியும் போட்டுத் தர மறுத்தால் மூட்டையை லொறியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். லொறி இலக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

மிச்ச மல்லியை யாருக்கும் விற்கவில்லை, மலிவாகக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. ஒரு போத்தல் மட்டும் மூடிச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் குழி தோண்டிப் போட்டுவிட்டோம். 11 வீட்டில் ஒன்பது வீட்டுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மேல் டிவிசனில் இரண்டு வீடு பூட்டியிருந்தது, கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளிடம் போயிருப்பதாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்தின மூன்று கிழமைக்குள் என்னிடம் சிவப்பு நூல் கட்டிய தூள் பக்கெட்டோ முழு மல்லிப் பக்கெட்டோ வாங்கி யாருக்காவது ஊருக்குக் கொடுத்தனுப்பியிருந்தால், தயவுசெய்து அதைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு மல்லித் தண்ணி வைக்கவே வேண்டாம். பக்கெட்டைப் பிரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள், முழுக் காசும் தருகிறேன். மாமி எந்த நேரமும் வீட்டில்தான் இருக்கிறார்.