வடக்கே காரில் போகிறவர்கள் கவனத்துக்கு: ஒரு ஆணி, ஆறு பஞ்சர்

தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட காரில் நாக்பூருக்கு மேலே போகிற எண்ணம் இருந்தால் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையிலிருந்து ஆக்ரா, டெல்லி வரை குடும்பத்தோடு போய்த் திரும்பியிருக்கிறோம். நான், மனைவி, அம்மா, மனைவியின் தம்பி. வழிப்பறி, அடிதடி என்று பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் நூறு, இருநூறு என்று உருவும் சில்லறை வேலைகள். அதில் ஒன்று மட்டும் சில்லறை வேலை இல்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சாலையைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. சேலத்தில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் (பழைய என்.எச். 7 என்றால் எல்லோருக்கும் புரியும்) பெங்களூர், அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் என்று ஸ்டியரிங்கை அதிகம் திருப்பாமலே போய்க்கொண்டிருக்கலாம். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காட்டுப் பகுதியில் வண்டிகள் மேலே போக, புலியும் மானும் கீழே கடக்கிற மாதிரி பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு வந்ததால் சாப்பாட்டிலும் பிரச்சினை இல்லை. பிரச்சினையெல்லாம் வண்டி நின்ற இடங்களில்தான்.

சாகர் தாண்டி லலித்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பைக்கில் ஒருத்தர் பக்கத்தில் வந்து, பின்சக்கரத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். கண்ணாடியை இறக்கினால், "ஹவா நிகல் ரஹா ஹை, காற்று இறங்குகிறது" என்று கத்திவிட்டு முன்னால் போய்விட்டார். இறங்கிப் பார்த்தால் இடது பின்டயர் கொஞ்சம் தணிந்த மாதிரிதான் இருந்தது. அவ்வளவு மூட்டை ஏற்றிய வண்டியில் பின்டயர் எல்லாமே தணிந்த மாதிரிதான் இருக்கும். கூப்பிடு தூரத்தில் ஒரு பஞ்சர் கடை, அதன் வாசலில் அதே பைக்.

சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். உண்மையிலேயே ஒரு ஆணி இருந்தது. சரி, போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அம்மாவைப் பக்கத்து தாபாவின் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சினனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டீயும் வந்திருக்கின்றன. நாற்காலி ரோட்டைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது என்பதை அவன் ராத்திரிதான் சொன்னான். நான் திரும்பி வந்தபோது எழுந்து ஓடி வந்தான்.

"மாமா, ஒரு எடத்துல இல்லைங்க, ஆறு எடத்துல பஞ்சராம்."

"யாரு சொன்னா மாப்ள?"

"சோப்புத் தண்ணி ஊத்திக் காட்டுனாங்க மாமா. ஆறு எடத்துலயும் முட்டை முட்டையா வருது. நானே பார்த்தேன்."

இந்த "நானே பார்த்தேன்" என்பதுதான் அவர்களுடைய மூலதனம். குமிழி பொய் இல்லை. டயரில் ஆறு ஓட்டை இருந்தது நிஜம். ஐந்து ஓட்டை எப்போது விழுந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். சோப்புத் துணியால் டயரைத் துடைக்கிற கைக்குள் சின்னதாக ஒரு குத்தூசி இருக்கும். துணி நகர நகர ஊசி இறங்கும். அடுத்த நிமிடம் தண்ணீரை ஊற்றினால் குமிழி வரத்தானே செய்யும்?

சாதாரண ரப்பர் திரி தாங்காது, வெயில் நாடு, மஷ்ரூம் பேட்ச்தான் போடவேண்டும், ஒன்று 300 ரூபாய் என்றார்கள். ஆறுக்கு 1,800. சக்கரம் கழற்றி மாட்ட 100. ஜிபே வேலை செய்யவில்லையாம், ரொக்கம்தான். பில் கேட்டதற்குச் சிரித்தார்கள். சக்கரம் அவர்கள் கையில், வண்டி ஜாக்கியில், உள்ளே பெண்கள், ரோட்டில் லாரிகள். அந்த நிலையில் பேரம் பேசினால் எவ்வளவு குறையும் என்று உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் ஜான்சியில் வண்டியை நிறுத்தியபோது அதே டயர் மறுபடி இறங்கியிருந்தது. ஊருக்குள் இருந்த ஒரு டயர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரப் பெரியவர் டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்பக்கத்தை லைட் அடித்துக் காட்டினார். மஷ்ரூம் பேட்ச் என்பது டயரைப் பிரித்து உள்ளேயிருந்து ஒட்டுகிற சமாச்சாரம். எங்கள் டயருக்குள் ஒரு பேட்ச்கூட இல்லை. எல்லாம் வெளியிலிருந்து சொருகிய சாதாரணத் திரிகள்தான். ஆணி ஏறிய ஓட்டை கோணல்மாணலாக இருந்தது. மற்ற ஐந்தும் ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி வட்டம். அதில் ஒன்று டயர் மடிகிற தோள்பட்டை ஓரத்தில். அங்கே ஓட்டை விழுந்தால் ஒட்டக்கூடாது. ஓடும்போது அந்தப் பகுதிதான் மடங்கி மடங்கி விரியும், திரியும் நிற்காது, பேட்ச்சும் நிற்காது. பெரியவர் ஒரே வார்த்தை சொன்னார்: "பேங்க் தோ", தூக்கிப் போடு. புது டயர் வாங்கித்தான் கிளம்பினோம்.

1,900 போனதுகூடப் பெரிதில்லை. நான்குவழிச் சாலையில் காருக்கு நூறு கிலோமீட்டர் வேகம் அனுமதி. தோளில் குத்திய டயரோடு, பின்சீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் ஜான்சி வரைக்கும் வந்திருக்கிறோம். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஆகவே கிளம்பும்போதே காருக்குள் சொருகிக் காற்றடிக்கிற சின்ன இன்ஃப்ளேட்டர், டிஜிட்டல் மீட்டரோடு, ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அழுத பஞ்சர் காசுக்கே கிட்டத்தட்ட வந்துவிடும். யாராவது டயரைக் காட்டினால் அவர் காட்டுகிற இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக ஓட்டி ஆள் நடமாட்டம் உள்ள பங்க்கில் நிறுத்துங்கள். நான்கு டயரையும் அளந்து பாருங்கள். எவ்வளவு காற்று இருக்கவேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். நான்கும் சரியாக இருந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். நிஜமாகவே இறங்கியிருந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போய்ப் பஞ்சர் போடுவது நல்லது. அதற்கு ஸ்டெப்னியில் காற்று இருக்கவேண்டும், அதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வேறு வழியில்லாமல் ரோட்டோரக் கடையில்தான் போடவேண்டுமென்றால், சோப்புத் தண்ணீர் ஊற்றின முதல் தடவையே ஓட்டைகளைச் சாக்பீஸால் வட்டம் போட்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு துணி டயர் மேல் படவே விடக்கூடாது. டீ வேண்டாம், நாற்காலியும் வேண்டாம்.

டோல்கேட் விஷயம் வேறு மாதிரி. ஒரு சுங்கச்சாவடியில் ஸ்கேனர் எங்கள் ஃபாஸ்டேக்கைப் படிக்கவில்லை. கையில் மெஷின் வைத்திருந்த பையன் வந்து காட்டிப் பார்த்துவிட்டு, "பிளாக்லிஸ்ட்" என்றான். கட்டணம் 110, இரண்டு மடங்கு 220 ரொக்கமாகக் கொடு என்றான். ஆப்பில் டேக் ஆக்டிவ், பணமும் இருக்கிறது. மனைவிக்கு இந்தி தெரியும், போனை நீட்டிக் காட்டிப் பேசினாள். பின்னால் லாரிகள் ஹாரனை விடாமல் அடிக்க, கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு நகர்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து எஸ்.எம்.எஸ். வருகிறது, அதே சுங்கச்சாவடியில் டேக்கிலிருந்து 110 பிடித்தாயிற்று என்று. பிளாக்லிஸ்ட் ஆன டேக்கில் எப்படிப் பிடிப்பார்களாம்?

இங்கேயும் பாதி உண்மைதான் வேலை செய்தது. டேக் செல்லாது என்றால் ரொக்கத்துக்கு இரட்டைக் கட்டணம் என்பது நாங்கள் போனபோது இருந்த விதி. 2025 நவம்பர் 15 முதல் அதையே யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும் என்று குறைத்திருக்கிறார்கள். ஆனால் டேக் சரியாக இருந்து, பணமும் இருந்து, அவர்கள் கருவி படிக்கவில்லை என்றால், ஒரு ரூபாய்கூட வாங்காமல் பூஜ்ஜிய ரசீது கொடுத்து வண்டியை விடவேண்டும். 2018 மே மாதம் திருத்திய விதியிலேயே இது இருக்கிறது. அந்த விதியை எந்தப் பையனும் தானாகச் சொல்லமாட்டான். ஆப் திரையை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அங்கேயே நின்று நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடியுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். கூடுதலாகப் பிடித்ததற்கு டேக் கொடுத்த வங்கியில்தான் புகார் போடவேண்டும்.

ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். 2025இல் அறிமுகமானபோது 3,000 ரூபாய், 200 தடவை கடக்கலாம், சொந்தக் கார்களுக்கு மட்டும். எங்கள் டேக் பதிவெண்ணில் இல்லாமல் சேசிஸ் எண்ணில் இருந்ததால் வாங்க முடியவில்லை. நீங்கள் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். ஆக்ராவிலிருந்து டெல்லிப் பக்கம் போகிற யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் அந்தப் பாஸ் செல்லாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்க்கில் நடந்தது நம்ம ஊரிலும் நடப்பதுதான். 2,000க்கு டீசல் கேட்டோம். ஒருத்தர் கண்ணாடி துடைக்க வந்து எந்த ஊர், எவ்வளவு தூரம் என்று பேச்சுக் கொடுத்தார். இன்னொருத்தர் 200இல் நிறுத்திவிட்டு, "இருநூறு என்றுதானே கேட்டீர்கள்" என்றார். இல்லை என்றதும், "சரி, மீதி 1,800 போட்டுவிடுகிறேன்." மீட்டரைப் பூஜ்ஜியமாக்காமல் 200இலிருந்தே ஓடவிட்டு 1,800இல் நிறுத்தினார். திரையில் 1,800 என்றுதான் இருக்கும், நீங்களும் உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். கொடுக்கிற காசு 2,000, டேங்கில் விழுந்தது 1,800க்கு. மச்சினன் இந்தத் தடவை வண்டியைவிட்டு இறங்கி மீட்டர் பக்கத்திலேயே நின்றிருந்தான், காலையில் வாங்கிய சூடு. முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுக் குடுவையைக் கொண்டுவரச் சொன்னதும் உள்ளேயிருந்து மேனேஜர் வந்து மீதி 200க்கு மரியாதையாகப் போட்டுவிட்டார். எந்த வாடிக்கையாளரும் அந்தக் குடுவையைக் கேட்கலாம், ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் பங்க்கில் இலவசம். காற்றுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆக்ராவில் தாஜ்மஹாலுக்கு வெகு தூரம் முன்னாலேயே கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் நடுரோட்டில் நின்று கையை நீட்டி மறிப்பார். இதற்கு மேல் வண்டிக்கு அனுமதி இல்லை, இங்கேயே நிறுத்துங்கள், நான் அரசு கைடு என்பார். தாஜ்மஹாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி போகக்கூடாது என்பது உண்மை. அவர் நிற்கிற இடம் அந்த எல்லை இல்லை. கிழக்கு வாசல் பக்கம் ஷில்ப்கிராம் வரைக்கும் வண்டி போகும். அங்கே பார்க்கிங் இருக்கிறது, அங்கிருந்து பேட்டரி வண்டி ஓடுகிறது. இவர் காட்டுகிற இடத்தில் நிறுத்தினால் முதலில் மார்பிள் கடை, அப்புறம்தான் தாஜ்மஹால். மேப்பைப் போட்டுக்கொண்டு நிறுத்தாமல் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும், அன்றைக்கும் இந்தக் கைடுகள் நிற்கிறார்கள்.

தங்கும் விடுதி ஒன்றில் ஆன்லைனில் கட்டிய ரூமுக்கு ஏ.சி. தனி என்று ராத்திரி பத்து மணிக்குச் சொன்னார்கள். புக்கிங் தாளில் ஏ.சி. என்று அச்சடித்திருந்ததைக் காட்டியதும் அடங்கிவிட்டார்கள். தாளாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள், போன் திரைக்கு அவ்வளவு மரியாதை இல்லை. தாபாவில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் போட்டதற்கு என் மனைவி சண்டைக்குப் போனாள். உட்கார வைத்துப் பரிமாறுகிற ஹோட்டல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் அந்தச் சண்டையில் தோல்வி. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடியுங்கள்.

டோலில் கூடுதலாகப் பிடித்த 110ஐ வங்கி சில வாரங்களில் திருப்பிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்த 220 போனது போனதுதான். பஞ்சர் கடை மேல் எங்கேயும் புகார் எழுத முடியவில்லை. பெயர்ப்பலகை இல்லை, பில் இல்லை, பணம் போன தடயமும் இல்லை. சாகருக்கும் லலித்பூருக்கும் நடுவில், வடக்கே போகும்போது இடப்பக்கம், நீலத் தார்ப்பாய்க் கூரை, வாசலில் பழைய டயர்களை அடுக்கி வெள்ளை அடித்திருக்கும். அங்கே காற்றுகூடப் பிடிக்காதீர்கள்.