பிளாவா, லெவஸ்ஸரா? சுவரில் மாட்ட ஏற்ற பழைய பிரெஞ்சு வரைபடம்

பிரான்சின் ஏதோவொரு வட்டாரத்தின் பழைய வரைபடம் வேண்டுமென்றால் இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும்: 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமின் பிளாவ், 19ஆம் நூற்றாண்டுப் பாரிசின் விக்தோர் லெவஸ்ஸர். பழமையிலும் கம்பீரத்திலும் பிளாவ்தான் மேல், விலையிலும் அப்படியே. ஆனால் சுவரில் மாட்ட என்றால் என் ஓட்டு லெவஸ்ஸருக்கு.

காரணம் வண்ணம். பிளாவின் செப்புத் தகட்டு அச்சின்மேல் கையால் தீட்டிய பச்சையில் பெரும்பாலும் செம்பு கலந்திருக்கும். நாளடைவில் அது பழுப்பேறித் தாளையே அரிக்கும். தீட்டிய இடம் விரிசல் விட்டு உதிரும். ஈரக்காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். வாங்குமுன் தாளைத் திருப்பிப் பாருங்கள். பச்சைக்கு நேர் பின்னால் பழுப்புத் தடம் இருந்தால் வண்ணம் பழையது. கூடவே விரிசலும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். போதாக்குறைக்கு, அட்லஸில் கட்டுவதற்காக நடுவில் மடித்த தாள் இது. மடிப்பின் அடிமுனைதான் முதலில் கிழியும்.

லெவஸ்ஸரின் அட்லஸ் 1840களில் தொடங்கிப் பல பதிப்புகள் கண்டது. எஃகுத் தகட்டு அச்சு, அதனால் கோடுகள் மிக நுண்மை. ஒவ்வொரு தெபார்த்மானுக்கும், அதாவது பிரான்சின் நிர்வாக மாவட்டத்துக்கும், ஒரு தாள். சுற்றிலும் ஓவியர் ரெமோன் பொனேரின் கைவண்ணத்தில் உள்ளூர்ப் பிரமுகர்கள், விளைபொருள்கள், இடையே மக்கள்தொகைக் கணக்கு. அச்சான காலத்தில் எல்லைக்கோட்டுக்கு மட்டுமே வண்ணம் பூசினார்கள். அரிக்கும் பச்சை அங்கே அகலமாகப் படர வழியில்லை. ஓரச் சித்திரங்கள்வரை வண்ணம் நிறைந்த பிரதி கிடைத்தால் அது பிற்காலப் பூச்சு என்றே கொள்ளுங்கள். அதற்கென்று கூடுதல் பணம் வேண்டாம்.

காலம் கணிக்க 'வார்' தெபார்த்மானின் தாள் போதும். கிராஸ் நகரம் அதற்குள் இருந்தால் அது 1860க்கு முந்தைய எல்லை. அந்த ஆண்டில்தான் கிராஸ் புதிய ஆல்ப்-மரித்தீம் தெபார்த்மானுக்குப் போனது, தெபார்த்மான்களும் 86இலிருந்து 89 ஆயின.

லெவஸ்ஸருக்கு எதிரி பழுப்புப் புள்ளிகளும் மட்டமான பின்னட்டையும். சட்டமிடும்போது இவை வேண்டும்: அமிலமற்ற அட்டை, கோதுமை மாவுப்பசையில் ஒட்டிய ஜப்பானியத் தாள் பட்டை மேல்விளிம்பில் இரண்டு, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி, புறஊதா தடுக்கும் கண்ணாடி. செலோடேப் கூடவே கூடாது. அதன் கறை எளிதில் போகாது. வெளிப்புறச் சுவர் ஈரம் இழுக்கும், உள்சுவரில் மாட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிளாவை விட்டால் வழியில்லை: வடமேற்கு பிரான்சின் பழைய மாகாணமான பிரெத்தாஞ் முழுதும் ஒரே தாளில் வேண்டுமென்றால். லெவஸ்ஸரில் அது ஐந்து தாள்களாகச் சிதறிக் கிடக்கும்.