கேட்ரன் வக்கீலைத் துருவ உதவும் 'கிரானிக்ளிங் அமெரிக்கா'

சென்னையில் ஃபிளாட் வாங்கிய யாருக்கும் பிரிபடாத பங்கு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பங்குகளை வாரிசுகளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தே, முன்னாளில் மெக்சிகோ அரசு மானியமாக வழங்கிய ஏறத்தாழ 5,94,000 ஏக்கர் டியெரா அமரில்லா நிலத்தை வளைத்தவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ வக்கீல் தாமஸ் பென்டன் கேட்ரன். அங்கே குடியேறியவர்கள் ஆடு மாடு மேய்த்த பொது நிலமும் அதற்குள் அடக்கம். நம்மூர் மேய்க்கால் புறம்போக்கைத் தனியார் பட்டாவாக்கியதைப் போல.

இப்படிப்பட்டவரின் தொழில் வாழ்க்கையைச் சென்னையில் உட்கார்ந்தபடியே தோண்ட அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' என்ற பழைய பத்திரிகைத் தொகுப்பு போதுமா? அரசியலுக்குத் தாராளமாகப் போதும். வக்கீல் தொழிலுக்கு நன்றாகவே உதவும். நிலத்துக்கும் பண்ணைக்கும் பாதிதான். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம்.

தேடுமுன் ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1840இல் மிசூரியில் பிறப்பு, உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படை, 1866இல் நியூ மெக்சிகோ, 1872 முதல் 1878 வரை கூட்டாட்சி அரசு வழக்கறிஞர். 1895 முதல் 1897 வரை, அப்போது மாநிலமாகாமல் பிரதேசமாகவே இருந்த நியூ மெக்சிகோவின் அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதி, 1912 முதல் 1917 வரை செனட்டர், 1921இல் மறைவு. தேதி வரம்பு போடாமல் பெயரை மட்டும் தட்டினால் குப்பைதான் கொட்டும். மாநிலத்தை நியூ மெக்சிகோ என்று கட்டாயம் தேர்ந்தெடுங்கள். அங்கேயும் ஒரு லாஸ் வேகாஸ் உண்டு. சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன நெவாடா ஊரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெரிய தலைவலி, எழுத்தை இயந்திரம் படித்த விதம். மங்கிய மைக்ரோஃபிலிமிலிருந்து வந்த பக்கங்களில் ஆங்கில 'சி' வட்டமாகி 'ஓ' ஆகிவிடும், கடைசி 'என்' கவிழ்ந்து 'யு' ஆகும். வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்திருந்தால் சிக்காமலே போகலாம். ஆகவே சரியான எழுத்துக்கூட்டலில் ஒருமுறை, இரண்டு மூன்று சிதைந்த வடிவங்களில் ஒருமுறை, கூட்டாளி பெயரைப் போட்டு இன்னொருமுறை தேடுங்கள். ஒரு வருடத்தில் ஒன்றுமே அகப்படவில்லையா? ஆள் ஓய்ந்துவிட்டார் என்று முடிவுகட்டுமுன் அந்த வருட இதழ்கள் தொகுப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செய்தியை விட விளம்பரம்தான் இங்கே தங்கச் சுரங்கம். தலைநகர் சாண்டா ஃபேயின் பத்திரிகைகளில் வக்கீல்களின் முகவரி அட்டைகள் நாள்தோறும் ஒரே பத்தியில் வரும். 'டி. பி. கேட்ரன்' என்று தேடினால் முடிவுகளில் பல இவைதான்; எரிச்சலாக இருக்கும், ஒதுக்கிவிடாதீர்கள். கேட்ரன் - தார்ன்டன், பிறகு கேட்ரன் - நேபல் - கிளான்சி, 1890களில் கேட்ரன் - ஸ்பீஸ் என்று பெயர்கள் மாறும் தேதிகளைக் கோத்தாலே அலுவலக வரலாறு தயார். கேட்ரன் குடியரசுக் கட்சி, அந்தத் தார்ன்டன் எதிரணியான ஜனநாயகக் கட்சி. பின்னாளில் பிரதேச ஆளுநரானார். சாண்டா ஃபேயின் முன்னாள் ஷெரிஃப் (காவல் தலைவர்) ஃபிரான்சிஸ்கோ சாவேஸ் கொலை வழக்கில் கேட்ரனின் கட்சிக்காரர்கள் நால்வர் 1897இல் தூக்கிலிடப்பட்டபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அதே வழக்கைத் தொட்டுக் கேட்ரனின் வக்கீல் சன்னதுக்கே ஆபத்து வந்தது, விசாரணையில் தப்பினார்.

நிலத்துக்கு வாருங்கள். உரிமையை உறுதிசெய்யக் கோரும் வழக்குகளில், இன்னாரென்று தெரியாத வாரிசுகளுக்குப் பத்திரிகை வழியே நோட்டீஸ் போவது வழக்கம். நம் நாளிதழ்களில் வரும் 'எனது கட்சிக்காரர்' அறிவிப்பின் அண்ணன்தான். ஆனால் பொடி எழுத்து. இயந்திரம் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். பெயர் தேடலை நம்பாமல் கடைசிப் பக்கங்களைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். யாரிடம் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பது கிரயப் பத்திரத்தில்தான் இருக்கும், பத்திரிகையில் அல்ல. அவருடைய காகிதக் கட்டுகள் அல்புகர்க்கியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் உள்ளன.

பண்ணை விஷயமும் அப்படியே. மாட்டுக்குச் சுட்ட குறியைப் படமாகவே விளம்பரம் செய்வார்கள். படத்தைத் தேடுபொறி படிக்காது. கரிசோசோ, அமெரிக்கன் வேலி என்று பண்ணைப் பெயர்களைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுன்டியில் இரண்டு வியாபாரக் கோஷ்டிகள் துப்பாக்கியோடு மோதிய 1878 கலவரத்தைப் படிக்கும்போது, அதில் ஒரு கோஷ்டியான டோலனின் கடை கேட்ரனிடம் அடமானத்தில் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகளும் நடுநிலை இல்லை. 1890களில் சாண்டா ஃபேயின் குடியரசுக் கட்சி ஏடு ஒன்று சொன்னால், லாஸ் வேகாஸின் ஸ்பானிய ஏடான 'லா வோஸ் டெல் பியூப்லோ' நேர்மாறாகச் சொல்லும். ஸ்பானியம் தெரியாதென்றால், எழுத்து வடிவத்தை நகலெடுத்து மொழிபெயர்ப்பானில் போட்டுக் குத்துமதிப்பாகப் படிக்கலாம். மேற்கோள் காட்டும் அளவுக்கு அது தேறாது.

அச்சிடுவதாக இருந்தால், திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் முழுப் பக்கத்தை ஏ4இல் எடுக்கச் சொல்லிக் காசை வீணாக்க வேண்டாம், எழுத்து எறும்பாகிவிடும். வேண்டிய பத்தியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் ஏ3. வெட்டிய துண்டின் ஓரத்தில் ஏட்டின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள்.