பெங்களூரில் மார்பக இம்ப்ளான்ட்: ஆபரேஷன் முடிந்து 14 மாதம் கழித்து

இரண்டாவது குழந்தைக்குப் பால் நிறுத்திய பிறகு மார்பு வற்றிப்போன மாதிரி ஆகிவிட்டது. கணவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்குத்தான் கண்ணாடி முன் நிற்கப் பிடிக்கவில்லை. மார்புக்குள் இம்ப்ளான்ட், அதாவது சிலிகான் பை, வைத்துக்கொள்வதைப் பற்றி நம் ஆட்களிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, அக்காவிடம்கூட மறைத்துத்தான் இரண்டு இடங்களுக்குப் போய்வந்தேன். என்னைப் போல யாராவது தமிழில் தேடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு இடத்தின் பெயரும் போடவில்லை.

முதலில் போனது முடி, தோல், லேசர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் செய்கிற பளபளப்பான கிளினிக். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் வந்து உட்கார்ந்து ஆபரேஷனுக்கு முன், பின் என்று படங்களாகக் காட்டினார், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் 20,000 குறையும் என்றார். ஆபரேஷன் செய்யப்போவது யார், என்ன கம்பெனி இம்ப்ளான்ட் என்று கேட்டால் "எங்க டாக்டர்ஸ் எல்லாருமே எக்ஸ்பர்ட் மேடம், ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்" என்பதுதான் பதில். அந்தக் கடைசி வாக்கியம் பச்சைப் பொய். இம்ப்ளான்ட் ஆயுள் முழுவதற்குமான பொருள் இல்லை என்பதை எச்சரிக்கையாகவே அச்சிட வேண்டும் என்று மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2021-ல் உத்தரவு போட்டிருக்கிறது. வைத்தவர்களில் பலருக்குப் பின்னாளில் மாற்றவோ எடுக்கவோ இன்னொரு ஆபரேஷன் வரும். இதைச் சொல்லாமல் உங்களிடம் பணம் வாங்க வருபவரை நம்பாதீர்கள்.

இரண்டாவது, அல்சூர் பக்கம் ஒரு நடுத்தர மருத்துவமனை. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் என்கிற உயர்படிப்பு முடித்த டாக்டரம்மா, நன்றாகத் தமிழ் பேசுவார். எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் சின்னதாக ஒரு காஸ்மெடிக் கோர்ஸ் முடித்தவரும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், அதனால் எம்சிஎச் அல்லது அதற்கு இணையான டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிறதா என்று பாருங்கள், மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். நான் கேட்டேன், அவர் முகம் சுளிக்கவில்லை. அவர் என்னிடம் முதலில் கேட்டது, பால் நிறுத்தி எவ்வளவு நாள் ஆகிறது என்று. நாலு மாதம் என்றேன். "ஆறு மாசமாவது போகட்டும்மா, மார்பு அதோட அளவுக்கு வந்து நிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கையில் பணத்தோடு வந்தவளை அனுப்பிவைத்தார் பாருங்கள், அன்றைக்கே இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த முறை ஐம்பது நிமிடம் பேசினார். இனி குழந்தை வேண்டுமா என்று கேட்டார், ஏனென்றால் மறுபடி கர்ப்பமானால் வடிவம் மாறும். மார்பு தொங்கியிருந்தால் இம்ப்ளான்ட் மட்டும் அதைத் தூக்கி நிறுத்தாது, அதற்குத் தனி ஆபரேஷன். இம்ப்ளான்டின் மேல்பரப்பு வழவழப்பாகவும் இருக்கும் சொரசொரப்பாகவும் இருக்கும், சொரசொரப்பானதில் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவதாகத் தெரிந்துதான் அலர்கான் கம்பெனி 2019-ல் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. நான் வழவழப்பானதைக் கேட்டு வாங்கினேன். இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு தானாக ஓர் உறை கட்டும், சிலருக்கு அது இறுகிக் கல் மாதிரி ஆகி வலிக்கும். சிலிகான் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம், அதனால் ஐந்தாறு வருஷத்தில் முதல் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், அதன்பின் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப்போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கூடுதலாகப் படம் எடுப்பார்கள்.

அளவுக்கு ஒரு வழி சொன்னார். பொன்னி அரிசியை அளந்து பழைய சாக்ஸில் கட்டி, பிராவுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டு வேலை செய்து பார்க்கச் சொன்னார். 300 சிசி (மில்லிலிட்டர்) ஆசையோடு போனவள் 240-ல் வந்து நின்றேன்.

செலவு 1,90,000, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. அழகுக்காகச் செய்வதென்றால் வரியும் உண்டு, மெடிக்கல் இன்சூரன்ஸிலும் வராது. புற்றுநோய்க்குப் பிறகு மார்பைச் சீரமைப்பது வேறு கணக்கு, அதற்கு உங்கள் பாலிசியைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேளுங்கள். இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை: முதலில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் ரத்தப் பரிசோதனையும் ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிற பிராவும் சேரவில்லை, கடைசியில்தான் தெரிந்தது.

ஆபரேஷன் முழு மயக்கத்தில், ஒரு ராத்திரி தங்கினேன். தசைக்கு அடியில் வைத்ததால் முதல் நாலு நாள் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது, படுக்கையிலிருந்து எழ அம்மா முதுகைத் தாங்க வேண்டியிருந்தது. கேஜிஎஃப்பிலிருந்து வந்த நர்ஸ் பெண் கிளம்பும்போது "அக்கா, தண்ணி கேன் தூக்காதீங்க, பாப்பாவையும் தூக்காதீங்க" என்றாள். கேனை விடுங்கள், கணவர் தூக்குவார். இரண்டு வயதுக் குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும்போது ஆறு வாரம் தூக்காமல் இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவள் அழுவாள், நான் தரையில் உட்கார்ந்து மடியில் ஏறிக்கொள் என்பேன், அது அவளுக்குப் போதவில்லை. வலியைவிட அதுதான் என்னை உடைத்தது. சின்னக் குழந்தை இருக்கிறது, கூட இருக்க அம்மாவோ மாமியாரோ வர முடியாது என்றால் தயவுசெய்து ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள்.

இப்போது எனக்குச் சந்தோஷம்தான். மார்புக்கு அடியில் உள்ள மடிப்புக்குள் மெல்லிய பழுப்புக் கோடாகத் தழும்பு இருக்கிறது, இடது பக்கம் அடியில் இன்னும் கொஞ்சம் மரத்தாற்போல இருக்கிறது, அது முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

கிளம்பும் முன் இம்ப்ளான்ட் கார்டைக் கேட்டு வாங்குங்கள், கம்பெனி, அளவு, சீரியல் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். எனக்கு அவர்களாகத் தரவில்லை, கேட்ட பிறகுதான் வந்தது. அதை ஆதார் வைத்திருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து அக்காவுக்கும் அனுப்பினேன், அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.